செத்தவர் வாங்கிய பார்சல்

அத்தியாயம் 5

"உங்க வாடிக்கையாளர்ல ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டேன் அக்கா," என்றபடி உள்ளே வந்தான் கெங்கோ. "பஸ் ஸ்டாப்புல இருந்தாரு. கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. பசை போட்டு ஒட்டியிருந்தாங்க."

கையிலிருந்த தாளை மேஜைமேல் விரித்தான். கறுப்புக் கட்டம் போட்ட நினைவஞ்சலித் தாள். ப்ளோவ்திவ் நகரத்தின் விளக்குக் கம்பங்களிலும் வீட்டு வாசல்களிலும் மழையில் நனைந்து தொங்குகிற எத்தனையோ தாள்களில் ஒன்று. நடுவில் மீசை வைத்த ஒரு பெரியவர். கீழே பெயர், அதனாஸ் திலேவ். இறந்து ஓராண்டு நிறைவு.

சேவ்தலீனா தன் நோட்டைப் புரட்டினாள். பதினோராவது ஆர்டர். அதனாஸ் திலேவ், ஒரு நாய், பழுப்பு நிறம். அனுப்பியது செப்டம்பர் ஒன்பது. யாரும் வாங்காமல் திரும்பி வந்தது செப்டம்பர் பதினெட்டு.

"இவர் போன வருஷமே செத்துட்டாரா?"

"அதான் பார்சல் வாங்க வரல போலிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் சேவ்தலீனா. வசந்த காலத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். கைக்கு வந்த கடைசிப் பணத்தில் பெரும்பங்கை லூபென் சாரியேவ் என்பவனின் இணைய வகுப்பில் கட்டினாள். வகுப்பின் பெயர் 'தொண்ணூறு நாளில் வீட்டுக்கடை'. ஜன்னல் வெளிச்சத்தில் பொருளைப் படம் எடுப்பது, விலை வைப்பது, விளம்பரம் எழுதுவது எல்லாம் அதில் கற்றுக்கொண்டாள். அவள் தைத்தது கதவடி நாய். குளிர்காற்று நுழையாதபடி கதவின் அடியில் நீட்டிப் படுக்க வைக்கிற துணி நாய், வயிற்றில் மணல். தொண்ணூறு நாளில் முப்பது ஆர்டர் வரும், வராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சாரியேவ் எழுதியே கொடுத்திருந்தான்.

வந்தன. எழுபத்தைந்து நாளில் முப்பத்தொன்று வந்தன. முதல் பத்து வந்தபோதே மகிழ்ச்சி தாங்காமல் அவனுக்கு நன்றிக் கடிதம்கூட எழுதினாள். அதை அவன் தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

எல்லாமே பொருளைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுக்கிற ஆர்டர்கள். அவள் அனுப்பிய இருபத்துமூன்று நாய்களில் இருபத்திரண்டு திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. போகிற செலவும் வருகிற செலவும் அவள் தலையில். ஏழாவது மாடி வீட்டின் கூடத்தில் நாய்கள் விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசி எட்டு ஆர்டர்களை அனுப்பாமலே ரத்து செய்தாள். பிறகுதான் இங்கே வந்தாள், சாவி வெட்டும் கடைக்கு மாடியில் இருக்கிற கலினா ராஷேவாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு.

கலினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எல்லையில் சுங்க அதிகாரியாக இருந்து ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். குரல் உயராது. கெங்கோ முன்னாள் பஸ் டிரைவர், அவளுடைய உதவியாளன். அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒருத்தர் மட்டும்தானா?" என்றாள் கலினா.

கெங்கோ கோட்டுக்குள்ளிருந்து ஒரு கற்றையை எடுத்தான். "மூணு நாளா நான் ஓட்டின ரூட் பூரா சுத்தி வந்தேன் மேடம். இருபத்திமூணு பேர்ல பத்தொம்பது பேரு காலமாயிட்டாங்க. மிச்சம் நாலு பேரைத் தேடிட்டிருக்கேன். அவங்களுக்கும் உடம்பு சரியில்லன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப நான் மூணு மாசமா பொணத்துக்குத்தான் தைச்சேனா?" சேவ்தலீனா நோட்டைத் தூக்கி மேஜையில் அடித்தாள். "ஒவ்வொரு நாய்க்கும் நாலு மணி நேரம். காது தைக்க மட்டும் அரை மணி. எவனோ உக்காந்து சிரிச்சிட்டிருக்கான். திங்கட்கிழமை ஜெர்மனி பஸ்ஸுக்கு எங்க அக்கா டிக்கெட் போட்டு வச்சிருக்கா. அங்க போய் வயசானவங்களைக் குளிப்பாட்டி விடற வேலை. என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. அவளை விட்டுட்டு நான் போகணும், இந்த விளையாட்டுக்காக."

கீழே சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டு நின்றது. கலினா தாள்களை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வழக்கமா இந்தத் தாள்ல மேல ஒரு சிலுவை இருக்கும். இதுல பாருங்க. பத்தொம்பதுலயும் கோதுமைக் கதிர். எல்லாரும் ஒரே கையில போயிருக்காங்க."

கெங்கோ நிமிர்ந்தான். "ஒரே கொலைகாரனா?"

"ஒரே பிரிண்டர்." கலினா சேவ்தலீனாவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "இருபத்திமூணு போச்சு, இருபத்திரெண்டு வந்துச்சு. ஒண்ணு திரும்பி வரல. அது யாரு?"

"மின்சோ டோப்ரேவ். அசெனோவ்கிராட் கூரியர் ஆபீஸ்ல வாங்கியிருக்காங்க. பணமும் வந்துடுச்சு."

கெங்கோ கற்றையில் தேடி ஒரு தாளை உருவினான். "மின்சோ டோப்ரேவ். ஆறாம் மாத நினைவு. போய்ச் சேந்தது ஏப்ரல்ல, பார்சல் வாங்கினது செப்டம்பர்ல. நடமாட்டம் உள்ள மனுஷன்."

"அந்த ஆர்டர்ல வேற ஏதாவது எழுதியிருந்துச்சா?" என்றாள் கலினா.

சேவ்தலீனா யோசித்தாள். "ஆமா. மத்தவங்க யாரும் ஒரு வார்த்தை எழுதல. இதுல மட்டும், நூத்திநாலு சென்டிமீட்டர் நீளம் வேணும், ஒரு காது சாம்பல் நிறமா இருக்கணும்னு இருந்துச்சு. நான் எப்பவும் தொண்ணூறுதான் தைப்பேன். அதுக்காகத் தனியா வெட்டினேன்."

"கெடுக்கணும்னு நினைக்கிறவங்க கதவை அளந்து பாக்க மாட்டாங்க," என்று கலினா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "இது நிஜமான கதவு. போய்ப் பாப்போம்."

"நானும் வருவேன்," என்றாள் சேவ்தலீனா.

"பின்னாடி சீட்ல ஸ்பிரிங் வெளிய வந்திருக்கு அக்கா," என்றான் கெங்கோ. "இருக்கை உறை தைச்சவங்க நீங்க. பாத்துட்டு வருத்தப்படாதீங்க."

அசெனோவ்கிராட் அரை மணி நேரப் பயணம். அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கெங்கோவின் கார் பாதி வழியில் புகை விட்டது. ஒரு பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தார்கள். அவன் சூரியகாந்தி விதைகளைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். சேவ்தலீனா பல்லைக் கடித்தபடி ஸ்பிரிங்கைத் தவிர்த்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று மாதமும் இப்படித்தான். எதைத் தொட்டாலும் பாதியில் நிற்கும்.

கூரியர் அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. நாற்பது நிமிஷம் கழித்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள், "பேரு?"

"மின்சோ டோப்ரேவ்," என்றான் கெங்கோ. "அவர் பார்சலை யார் வாங்கிட்டுப் போனாங்கன்னு தெரியணும்."

"அதெல்லாம் வெளிய சொல்ல முடியாது. அவரை வரச் சொல்லுங்க."

"அவர் வர்றது கொஞ்சம் கஷ்டம்."

"அப்படின்னா கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் குடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"அது அதைவிடக் கஷ்டம்."

"சார், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

சேவ்தலீனா கெங்கோவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அனுப்பினதே நான்தான். என் பார்சல், என் செலவு. யார் கையில குடுத்தீங்கன்னு கேக்கற உரிமைகூட எனக்குக் கிடையாதா?"

"எங்க இணையப் பக்கத்துல புகார் எழுதுங்க. பதினாலு வேலை நாள்ல பதில் வரும்," என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சேவ்தலீனா நடைபாதைக் கல்லை ஓங்கி உதைத்தாள். கால்விரல்தான் வலித்தது. "திங்கட்கிழமைக்குள்ள பதினாலு வேலை நாள் எங்க இருக்கு?"

"அந்தப் பொண்ணு சரியாத்தான் நடந்துக்கிட்டா," என்றாள் கலினா. "நாமதான் தப்பான ஆளைக் கேட்டோம். மின்சோவைப் பத்தி மின்சோ வீட்டுல கேப்போம். அவர் வாசல்ல தாள் ஒட்டியிருப்பாங்க. கெங்கோ, எங்க கிழிச்ச?"

"கிழிக்கல மேடம். வாசல்ல ஒட்டினதைக் கிழிப்பேனா? இது நாலாவது கம்பத்துல இருந்தது."

டோப்ரேவ் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. தெரு முழுவதும் மிளகாய் சுடும் வாசனை. குளிர்காலத்துக்குச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துப் புட்டியில் அடைக்கிற மாதம் அது. முற்றத்தில் தகர அடுப்பின் முன் உட்கார்ந்திருந்த மின்சோவின் மனைவி டோப்ரேவா, கறுப்பு உடையில், விரலெல்லாம் கரியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

கலினா நல்ல விதமாக ஆரம்பித்தாள். கெங்கோ இடையில் புகுந்து, "உங்க வீட்டுக்காரர் போன மாசம் ஒரு துணி நாய் வாங்கினாராம்மா?" என்று கேட்டுவிட்டான்.

டோப்ரேவா கையில் இருந்த இடுக்கியை இறுகப் பிடித்தாள். "என் வீட்டுக்காரர் ஏப்ரல் மாசம் போயிட்டார். அவர் பேரை வச்சு விளையாடறதுக்கு ஊர் விட்டு ஊர் வந்தீங்களா?"

"விளையாடலம்மா," என்றாள் சேவ்தலீனா. குரல் அவள் நினைத்ததைவிட அதிகமாக உடைந்தது. "அவர் பேரை வச்சு எவனோ என்கிட்ட விளையாடியிருக்கான். நான் வீட்டுல உக்காந்து தைச்சு விக்கறவ. அவ்வளவுதான்."

டோப்ரேவா அவள் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். இடுக்கியைக் கீழே வைத்தாள். அதற்குள் கெங்கோ பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாசல் கதவில் வைத்துப் பார்த்திருந்தான்.

"எண்பத்தெட்டு," என்றான்.

"இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்றாள் டோப்ரேவா.

"பசிம்மா," என்றான் கெங்கோ.

அவள் சுட்ட மிளகாய் ஒன்றை ரொட்டித் துண்டில் வைத்து நீட்டினாள். அவன் அன்று முதல்முறையாக மௌனமானான். கலினா வாசலில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றாள். மேலே கோதுமைக் கதிர். சேவ்தலீனா அதன் வாசகத்தைப் படித்தாள். 'ஆறு மாதமாக எங்கள் வீட்டில் வானொலிச் செய்தியோடு சண்டை போட ஆள் இல்லை.' சாதாரணமாக இந்தத் தாள்களில் வருகிற வரி இல்லை அது.

"இதை யார் எழுதினாங்கம்மா?" என்றாள் கலினா.

"இணையத்துல பாத்து என் மருமக சொன்னா. இந்த ஊர்ப் பொண்ணுதான். மிக்லேனான்னு பேரு. முன்னாடி நூலகத்துல இருந்தா. வீட்டுலயே உக்காந்து எழுதி, அச்சடிச்சு, அவளே கொண்டுவந்து குடுப்பா. ஒரு மணி நேரம் அவரைப் பத்தி என்கிட்ட கேட்டா. காசு வாங்கத்தான் கூச்சப்பட்டா." டோப்ரேவா கையைத் துடைத்துக்கொண்டாள். "மேல கோட்டைக்குப் போற தெரு. அகலமான நீலக் கதவு. முன்னாடி வண்டிக்காரங்க வீடு அது."

"அகலமான," என்றான் கெங்கோ வாயில் ரொட்டியோடு.

நீலக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எங்கோ அச்சு இயந்திரம் கரகரத்தது. கெங்கோ குனிந்து நாடாவை வைத்தான். எண்ணைச் சொல்லாமல் இரண்டு பேருக்கும் காட்டினான். நூற்றுநான்கு.

சேவ்தலீனா நாடாவைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால், சுவரோரமாகத் தள்ளிக் கிடந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காது சாம்பல் நிறம். முதுகில் காலடி பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. வயிற்றில் ஒரு தையல் விட்டு, யாரோ வேறு நூலால் திருத்தமாக மூட்டியிருந்தார்கள். அவள் தைத்த ஒரு பொருள் வேறொருவர் வீட்டில் உழைத்துத் தேய்வதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். கோபத்துக்கு நடுவே விரல் தானாகப் போய் அந்தத் தையலைத் தடவியது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"வாங்க, உள்ள வாங்க," என்று ஒரு குரல் கேட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "உக்காருங்க. இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"இன்னும் யாருன்னு முடிவு பண்ணல," என்றான் கெங்கோ.

சேவ்தலீனா நாயைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். மணல் சரிந்து அமுங்கியது. "இது நான் தைச்சது."

மிக்லேனாவின் முகம் வெளுத்தது. நாயை, சேவ்தலீனாவை, திரும்பவும் நாயைப் பார்த்தாள். "அது மட்டும் நான் காசு குடுத்து வாங்கினேன்," என்றாள்.

"சரி. மத்த இருபத்திரெண்டு?" என்றாள் கலினா மெதுவாக.

அறைக்குள் அச்சு இயந்திரம் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நின்றது. மிக்லேனா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு நான் என்ன பண்ணினேன்?" என்றாள் சேவ்தலீனா. "உன்னை எனக்குத் தெரியாது. உன் ஊர் தெரியாது. ஒவ்வொரு தடவை லிஃப்ட்ல அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும்போது பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. எதுக்கு இந்தக் கோபம்?"

"கோபமா?" மிக்லேனா தலை தூக்கினாள். "உங்களுக்கு உதவி பண்றதாத்தான் முதல்ல நெனச்சேன்."

"உதவியா?"

"சாரியேவ் சார் சொன்னாரு. புதுசா சேர்றவங்க ஆர்டர் வரலன்னா மனசு விட்டுடுவாங்க, ஊக்கத்துக்காக நாமே கொஞ்சம் போடணும்னு. ஆளுக்கு முப்பது. அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி தானே ரத்து பண்ணிடறதா சொன்னாரு. நானும் அவர் வகுப்புல படிச்சவதான். ரெண்டு வருஷம் முன்னாடி. நூலகத்துல ஆள் குறைச்சப்போ சேந்தேன். இந்த அஞ்சலித் தாள் கடை அப்படி ஆரம்பிச்சதுதான். எனக்கும் முப்பது ஆர்டர் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. அப்பத்தான் இந்த வேலையைக் குடுத்தாரு."

கெங்கோ நெற்றியைத் தேய்த்தான். "அக்கா, உங்க வகுப்புல ஏழாவது பாடம் என்னன்னு சொன்னீங்க?"

"வாடிக்கையாளரை மனசுல கற்பனை பண்ணிக்கோங்க," என்றாள் சேவ்தலீனா, பல்லிடுக்கில்.

"சிரமம் வேண்டாம்னு அவரே பண்ணிக் குடுத்துட்டாரு."

கலினா சேவ்தலீனாவின் ஒப்பந்தத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். நேற்றே வாங்கி வைத்திருந்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். "நேத்து ராத்திரி பூரா இந்த வரியையே பாத்துட்டிருந்தேன். முப்பது ஆர்டர் வரும்னு எழுதியிருக்கான். முப்பது பேர் வாங்குவாங்கன்னு எழுதல. யாரோ உங்களைக் கெடுக்கப் பாக்கறாங்கன்னு நாம தேடிட்டிருந்தோம் சேவ்தா. கெடுக்க இல்ல. உங்களை ஜெயிக்க வச்சாங்க. காகிதத்துல ஜெயிச்சுட்டா கட்டணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டாம்."

சேவ்தலீனாவுக்கு அந்த நன்றிக் கடிதம் நினைவுக்கு வந்தது. 'நம்பிக்கை இழந்தவர்கள் எல்லாரும் சேருங்கள்' என்று எழுதியிருந்தாள். எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுச் சேர்ந்தார்களோ.

"ஏன் செத்தவங்க பேரு?" என்றாள்.

"தினம் பத்துப் பேரு யோசிக்க வரல. கணினில என்கிட்ட இருந்தது இந்தப் பேருங்கதான்." மிக்லேனா கைகளைப் பிசைந்தாள். "இந்த நாயை மட்டும் நிஜமாவே வேணும்னு போட்டேன். வீடு அவ்வளவு குளிர். என் பேருல போட்டா சாருக்குத் தெரிஞ்சிடும், அசிங்கம். அதனால மின்சோ பேருல போட்டு, மாமனார்னு சொல்லி வாங்கினேன். அன்னிக்கு அந்த ஆபீஸ்ல, மூலையில, திருப்பி அனுப்பற பெட்டிங்களைப் பாத்தேன். அஞ்சு பெட்டில உங்க பேரு. அப்பத்தான் சார் எதையும் ரத்து பண்ணலன்னு தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் நிறுத்தினியா?"

மிக்லேனா நாயின் சாம்பல் காதைத் தடவினாள். "இல்ல," என்றாள்.

சேவ்தலீனா கையை ஓங்கவில்லை. ஓங்கிவிடுவோமோ என்று பயந்து இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"சாரியேவ் எழுதின செய்தியெல்லாம் இருக்கா?" என்றாள் கலினா.

மிக்லேனா அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டி ஆமாம் என்றாள். கணினியைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருஷத்துச் செய்திகள். அறுபத்திரண்டு மாணவர்களின் பட்டியல். 'இவளுக்கு வேகமாகப் போடு, எண்பதாவது நாள் நெருங்குகிறது.' 'கேள்வி கேட்காதே, இதுவும் வியாபாரம்தான்.'

"நான் மாட்டிக்குவேனா?" என்றாள் மிக்லேனா.

"மாட்டிக்குவீங்க. ஆனா முதல் ஆளா பேசினீங்கன்னா கடைசி ஆளா மாட்டிக்குவீங்க. இதெல்லாம் எனக்குப் பிரதி எடுத்துக் குடுங்க. நாளைக்குக் காலைல நுகர்வோர் ஆணையத்துக்கு என்கூட வர்றீங்க."

மிக்லேனா பிரதி எடுக்க உட்கார்ந்தாள். சேவ்தலீனா அவள் தோளுக்குமேல் பார்த்தபடி நின்றாள். திரையில் தன் பெயர் வந்தது. அதன் கீழே வரிசையாக அவளுடைய வாடிக்கையாளர்கள், இறந்த தேதியோடு.

"எனக்கு இன்னும் நாலு நாள்தான் பாக்கி," என்றாள் கசப்போடு. "எப்படியும் முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. உன் சாருக்கு இன்னும் என்ன அவசரம்?"

மிக்லேனா திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தொண்ணா? இல்லையே. உங்களுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. இருபத்தெட்டுதான் போட்டேன்."

"முப்பத்தொண்ணு. என் நோட்டுல இருக்கு."

"இருபத்தெட்டுங்க. எண்ணிப் பாருங்க."

கலினா நோட்டை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கெங்கோ ஒவ்வொரு பெயராகப் படித்தான். மிக்லேனா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அனுப்பிய இருபத்துமூன்றும் அவள் போட்டவை. ரத்து செய்த எட்டில் ஐந்து அவள் போட்டவை.

"சில்வியா பாபசோவா," என்று படித்தான் கெங்கோ.

"தெரியாது."

"ஹாரலம்பி துஷேவ்."

"இது நான் இல்ல."

"எவ்தொகியா கர்மிட்சோவா."

"இவங்களையும் எனக்குத் தெரியாது." மிக்லேனா நோட்டைப் பார்த்தாள். "அப்ப இவங்க மூணு பேரும் நிஜமாவே ஆர்டர் போட்டவங்க, உயிரோட இருக்கறவங்க."

சேவ்தலீனா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். துஷேவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. செப்பெலாரேயில் மலைமேல் விருந்தினர் விடுதி, பதினான்கு நாய்கள் வேண்டும் என்று எழுதியிருந்தான். ஒரேயடியாகப் பதினான்கு என்று பார்த்ததும்தான் அவளுக்கு வெறி வந்தது. எட்டு ஆர்டருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். 'இந்த அசிங்கமான விளையாட்டை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நான் தைப்பதில்லை.'

"நிஜமா வந்தவங்களை நானே விரட்டியிருக்கேன்," என்றாள்.

கலினா அந்த மூன்று பெயரையும் விரலால் தொட்டாள். 

"எப்ப விரட்டினீங்க?" என்றாள் கலினா.

"ஒன்பது நாள் ஆச்சு."

"நம்பர் இருக்கா?"

சேவ்தலீனா ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மற்ற மூவரும் வாசலில் நின்றார்கள். முதலில் துஷேவ். மூன்றாவது மணியில் எடுத்தான். அவள் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது.

"ஓ, நீங்களா? உங்க பதிலை என் சமையல்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். நான் என்ன அசிங்கம் பண்ணேன்னு ரெண்டு நாள் கேட்டுட்டிருந்தா."

அவள் மன்னிப்புக் கேட்டாள். நடந்ததைச் சொல்ல முயன்றாள், செத்தவர்கள், வகுப்பு, முப்பது ஆர்டர். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டது. அவன் குறுக்கிட்டான்.

"ரப்பர் பட்டை வாங்கி எல்லாக் கதவுலயும் ஒட்டிட்டேம்மா. நல்லா இருங்க."

வைத்துவிட்டான். பதினான்கு நாய்கள். இரண்டு மாதம் ஓடியிருக்கும்.

பாபசோவாவின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. கெங்கோ பையிலிருந்து விதைகளை எடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துக்கொண்டான்.

மூன்றாவது எண். எவ்தொகியா கர்மிட்சோவா, ஊர் ஸ்லிவென். ஒரு நாய், எந்த நிறமானாலும் சரி.

"யாரு?" வயதான குரல். கூர்மையாக இருந்தது.

"நான் சேவ்தலீனா. கதவடி நாய் தைக்கறவ. நீங்க ஒரு ஆர்டர் போட்டிருந்தீங்க. நான் தப்பா ஒரு பதில் எழுதிட்டேன். அது உங்களுக்கு எழுதினது இல்ல. மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"இரு, இரு," என்றது குரல். "நீ பதிவு பண்ணி வச்ச குரலா, ஆளா?"

"ஆளுதான்மா."

"என் பையன் சொன்னான், இணையத்துல கடைன்னு இருக்கறதெல்லாம் பொய், பின்னாடி மனுஷங்களே கிடையாது, அந்தப் பதிலைக்கூட இயந்திரம்தான் எழுதியிருக்கும்னு. நான் சொன்னேன், இயந்திரத்துக்கு இவ்வளவு கோபம் வராதுடா, யாரோ நொந்து போனவதான் எழுதியிருக்கான்னு."

சேவ்தலீனா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இருக்கியா?" என்றது குரல்.

"இருக்கேன்மா."

"நிஜமாவே உன் கையால தைக்கறியா?"

"என் கையாலதான்."

"முன்பணம் குடுக்க மாட்டேன். வரட்டும். பெட்டியைப் பிரிச்சுப் பாப்பேன். பிடிச்சாத்தான் காசு."

இருபத்திரண்டு பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"சரிம்மா," என்றாள். "நாளைக்கு அனுப்பறேன்."